சிற்றில் இழைத்தலும் சிதைத்தலும்: பிள்ளைத்தமிழ்ப் பருவப் பகுப்பும் குழந்தை வளர்ப்பில் பாலினப் பங்கும்

முன்னுரை

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொது. எட்டாம் பருவத்தில் வழி பிரிகிறது. ஆண்குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும், பெண்குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்னும் மூன்றும் உரியவை. பெண்பாலில் இவற்றுள் ஒன்றற்கு ஈடாகக் கழங்கைக் கொள்வதும் உண்டு. தமிழ் மாணவர் எவரும் மனப்பாடமாக அறிந்திருக்கும் இப்பட்டியல் வகைமை இலக்கணமாகவே பெரிதும் கற்பிக்கப்படுகிறது. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளை எந்த இடத்தில், எதைக் கருவியாகக் கொண்டு ஆணும் பெண்ணுமாகப் பிரித்து வளர்த்தது என்பதற்கு அது சான்றாகவும் நிற்கிறது. அச்சான்றைச் சங்கப் பாடல்களோடும் பிற்கால நூல்களோடும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

ஏழு பருவங்கள் பொதுவாக இருப்பது சிறிய செய்தியன்று. தலை நிமிர்த்தி ஆடுவதும், நாவசைத்து மழலை பேசுவதும், கை கொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் எந்தக் குழந்தைக்கும் ஒன்றே என்று மரபு ஒப்புக்கொள்கிறது. அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் அரசியல் உபாயங்கள் நான்கையும் பெண்குழந்தையின் பொருட்டும் கையாளுகின்றனர். வர மறுத்தால் என்ன நேரும் என்று மதியை அச்சுறுத்தும் உரிமை அதுவரை அவளுக்கும் உண்டு. அடுத்த பருவத்தில் அவள் கைக்கு அம்மானைக் காய் வந்து சேர்கிறது.

மடன்: கற்பிக்கப்பட்ட இயல்பு

ஆண், பெண் இயல்புகள் பிறப்பில் அமைந்தவையா, வளர்ப்பில் படிந்தவையா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டு மேலைச் சமூகவியலில் விரிவாகப் பேசப்பட்டது. மார்கரெட் மீட் 1935இல் வெளியிட்ட நியூகினி ஆய்வு, ஆண்மை, பெண்மை எனக் கருதப்படும் குணங்கள் இனக்குழுவுக்கு இனக்குழு மாறுபடுவதை முன்வைத்தது. அவருடைய களமுடிவுகளுட் சில பின்னர்க் கடுமையான மறுப்புக்கு உள்ளாயின. அவர் எழுப்பிய வினா மட்டும் மறையவில்லை. சாண்ட்ரா பெம் 1981இல் முன்வைத்த பாலினத் திட்டவரைவுக் கோட்பாடு, குழந்தை பெரியோரைப் பார்த்து ஒழுகுவதோடு நில்லாமல், தன்னைச் சூழ்ந்த பொருள், நிறம், தொழில், ஆட்டம் அனைத்தையும் ஆணுக்குரியது, பெண்ணுக்குரியது என வகைப்படுத்தும் ஓர் அகச்சட்டத்தை உருவாக்கிக்கொள்கிறது என்று விளக்கியது.

தமிழ் மரபில் இவ்வினாவுக்குரிய விடை எதிர்பாராத ஓரிடத்தில் கிடைக்கிறது. தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆடூஉவுக்கும், அச்சம், நாண், மடன் ஆகியவற்றைப் பெண்டிர்க்கும் உரியவாகக் கூறுகிறது. இவை பிறவிக் குணங்கள் என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகின்றன. ஆனால் ‘மடன்’ என்பதற்கு உரைமரபு தரும் விளக்கம், பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் என்பதாகும். பெண்ணின் இயல்பு எனப்பட்ட மூன்றனுள் ஒன்றன் பொருளே பிறர் கற்பித்தல் என்பதை உட்கொண்டிருக்கிறது. கற்பிப்பவர் ஒருவர் இன்றி மடன் இல்லை. உரையாசிரியர்கள் வளர்ப்பைப் பற்றிக் கொள்கை வகுக்க முற்படவில்லை. சொல்லுக்குப் பொருள் கூறும் போக்கில் உண்மையைச் சொல்லிவிட்டனர்.

பதினேழாம் திங்கள்

பருவங்களுக்குரிய காலத்தைக் கணிப்பதில் பாட்டியல் நூல்கள் வேறுபடுகின்றன. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பத்துப் பருவங்களையும் அமைப்பது பரவலாக அறியப்பட்ட முறை. அதன்படி பாற்பிரிவு பதினேழாம் திங்களில் நிகழ்கிறது. குழந்தை தன்னையும் பிறரையும் ஆண், பெண் எனப் பெயரிட்டு அறியத் தொடங்குவது ஏறத்தாழ இரண்டு வயதை ஒட்டி என்று இக்கால உளவியல் கூறுவதை இத்துடன் ஒப்பிடத் தோன்றும். இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. பாட்டியலார் குழந்தையை உற்றறிந்து கணக்கிட்டனர் என்பதைவிட, ஒற்றைப்படை எண்ணின் மங்கலத்தை நாடினர் என்பதே பொருத்தம்.

கருதத்தக்கது வேறொன்று. பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்னும் திங்கள்களில் ஓர் ஆண்குழந்தை மணல்வீட்டைக் காலால் கலைக்கவும், பறையைத் தட்டவும், நடைதேரை உருட்டவும் கூடும். அதே திங்கள்களில் ஒரு பெண்குழந்தை காய்களை மேலே வீசி மாறிமாறிப் பிடிப்பதும், ஆற்றில் இறங்கி நீராடுவதும், ஊசலை உந்தி ஆடுவதும் இயலாதவை. இவை வளர்ந்த மகளிரின் ஆட்டங்கள். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானைவரி, கந்துகவரி, ஊசல்வரி ஆகியவற்றைப் பாடுவோர் மகளிரே. திருவாசகத்தில் திருவம்மானையும் திருப்பொன்னூசலும் கன்னிப்பெண்களின் கூற்றாக அமைகின்றன. மார்கழி நீராடல் எத்தகைய பருவத்தாருக்குரியது என்பதைத் திருவெம்பாவையும் திருப்பாவையும் காட்டும். பெண்ணின் பருவங்களை ஐந்து வயதிலிருந்து நாற்பது வரை பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகக் கணித்த மரபு, மங்கைக்கும் மடந்தைக்கும் உரிய ஆட்டங்களைப் பால்குடி மறவாத குழந்தையின் மேல் ஏற்றியது. ஆண்பிள்ளை பிள்ளையாகவே நிற்க, பெண்பிள்ளை பத்தாண்டு முன்னே தள்ளப்படுகிறாள்.

பருவப் பெயர்களே இதனைக் காட்டிக்கொடுக்கின்றன. சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் ‘சிறு’ என்னும் அடையேற்றவை. பெரியதொன்று பின்னால் உண்டு என்பதை அவ்வடை உணர்த்துகிறது. முரசும் போர்த்தேரும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றுக்கு அவ்வடை இல்லை. இவ்வாட்டங்கள் வளர்ந்தபின்னும் வேறொன்றாக விரிவதில்லை. பாட்டியல், நிகண்டு மரபுகளில் பெண்பாலுக்குச் சிற்றில் இழைத்தல், சிறுசோறாக்கல் முதலியனவும் சுட்டப்படுகின்றன என்பது உண்மையே. அங்கே ‘சிறு’ என்னும் அடை வீட்டையும் சோற்றையும் தழுவி வருகிறது. நடைமுறையில் நிலைபெற்ற பெண்பாற் பருவங்களுள் அவையும் இடம்பெறாமற் போயின. சிற்றில் என்னும் பெயர் மட்டும் ஆண்பாலுக்குச் சென்று சேர்ந்தது.

இழைப்பவரும் சிதைப்பவனும்

சிற்றில் சிறுமியரின் ஆட்டம். மணலைக் குவித்து, அறை வகுத்து, கோலமிட்டு, அதனுள் பாவையை அமர்த்திச் சோறு சமைப்பதாகப் பாவிப்பது அது. அவ்வாட்டம் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஒரு பருவமாவதற்குக் காரணம், பாட்டுடைத் தலைவன் அதை இழைப்பதன்று, சிதைப்பதே. ஒருவர் கட்டியதை மற்றொருவர் கலைப்பது கலைப்பவரின் பருவமாகப் பெயர் பெற்றது. பாடலின் குரல் சிறுமியருடையது. தம்மைச் சிறியவர் என்று தாழ்த்திக்கொண்டு, தலைவனின் பெருமைகளை அடுக்கி, வீட்டை அழியாதே என்று அவர்கள் இறைஞ்சுகின்றனர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் இதற்கு எதிரிணையான பருவம் இல்லை. ஒரு சிறுவன் தன் பறையையோ தேரையோ உடைக்க வேண்டாம் எனச் சிறுமியிடம் கெஞ்சும் பாட்டைத் தமிழ் மரபு கற்பனை செய்யவில்லை.

இச்சூழல் பிள்ளைத்தமிழுக்கு மிக முந்தியது. கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாடல் ஒன்றில் (கலித்தொகை 51) தலைவி தோழியிடம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறாள். தெருவில் மணல்வீடு கட்டி விளையாடிய நாளில் அதைக் காலால் கலைத்தும், சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்துக்கொண்டோடியும் துன்பம் தந்த ஒருவன், பின்னொருநாள் தாயும் மகளும் இருந்த வீட்டு வாயிலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாய் சொன்னபடி நீர் கொண்டு சென்ற மகளின் வளைக்கையை அவன் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் பதறி ஓடி வருகிறாள். அந்தக் கணத்தில் தலைவி, அவனுக்கு நீர் விக்கியது என்று சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் தலைவியைப் பார்த்து நகைக்கிறான்.

இப்பாடல் நாடகச் சுவைக்காக எடுத்தாளப்படுவது வழக்கம், அச்சுவை மறுக்கத்தக்கதன்று. அதனோடு வளர்ப்பின் மூன்று பாடங்களும் இதில் வரிசையாக நிற்பதைக் காணவேண்டும். பிறர் இழைத்ததைச் சிதைத்த சிறுவன் கண்டிக்கப்பட்டதாகப் பாடல் சொல்லவில்லை. அவனுடைய குறும்பு காதலின் முன்னுரையாக வளர்கிறது. வீட்டை இழந்த சிறுமி, வளர்ந்தபின் அவன் செயலை மறைக்கும் சொல்லைத் தானே உடனடியாகக் கண்டுபிடிக்கிறாள். குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு வந்து சேரும் தாயின் கை, தெரியாமலே, அவன் முதுகைத் தடவுகிறது. தலைவியின் பொய்யில் விருப்பம் கலந்திருக்கிறது என்பது குறிஞ்சித்திணையின் உயிர்நாடி. விருப்பமும் மறைப்பும் ஒரே வாக்கியத்தில் பிறக்குமாறு அவள் வளர்க்கப்பட்டிருக்கிறாள் என்பதும் அதே பாடலில் உள்ள செய்தி.

நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி சிற்றில் சிதைக்க வேண்டாமென்று கண்ணனை வேண்டும் பாசுரங்களால் அமைந்தது. நாள் முழுதும் முதுகு வலிக்க உட்கார்ந்து இழைத்த வீடு இது, ஒருமுறையேனும் கண்ணாரப் பார் என்று ஆய்ச்சிறுமியர் கேட்கின்றனர். அழிப்பதற்கு முன் பார்க்கவேனும் செய் என்னும் வேண்டுகோளும், கட்டியவரின் உடல்நோவைப் பேசும் சொல்லும் ஒரு பெண்புலவரிடமிருந்து வருவதைத் தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை. சிற்றிலை உலகப் பற்றாகவும், அதைச் சிதைக்கும் இறைவனின் திருவடியை அருளாகவும் கொள்ளும் சமய விளக்கத்திற்கு உரிய இடம் உண்டு. ஆயினும் உவமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சி தெருவில் நடந்தது. சிறுவன் சிதைப்பதும் சிறுமி அழுவதும் எல்லாரும் கண்டு பழகிய இயற்கையாகத் தோன்றியதனால்தான், அதன்மேல் அருளின் பொருளை ஏற்றுவது எளிதாயிற்று.

சிறுபறையும் செருப்பறையும்

இப்பகுப்பு ஆண்குழந்தைக்கு ஆதாயம் மட்டுமே தந்தது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் புதல்வர் குதிரையின்றி உருட்டும் மூன்றுருளைச் சிறுதேர் வருகிறது. குறுந்தொகை 61இல் தச்சன் செய்த சிறுதேரை ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் காணலாம். இவ்விளையாட்டுப் பொருளைச் செய்து தருபவன் வளர்ந்த ஒரு தொழிலாளி என்பது கவனத்திற்குரியது. சிறுமியரின் வீடு மணலால் ஆனது. அதைச் செய்துகொள்பவர் அவர்களே. சிறுவனின் தேருக்குச் சமுதாயம் மரமும் உழைப்பும் செலவிடுகிறது. செலவிட்டதைத் திரும்பப் பெறவும் செய்கிறது.

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) ஓர் ஆண்மகன் உருவாக்கப்படுவதைக் கடமைப் பங்கீடாகவே வகுத்துக்காட்டுகிறது. பெற்று வளர்ப்பது தாய்க்கும், சான்றோனாக்குவது தந்தைக்கும், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கும், நன்னெறி நல்குவது வேந்தனுக்கும் உரிய கடன்கள். போரில் களிற்றை வீழ்த்தி மீள்வது மகனின் கடன். ஆண்மை இங்குப் பிறவிக் குணமாகப் பேசப்படவில்லை. நால்வர் கூடிச் செய்யும் பொருளாகப் பேசப்படுகிறது. இதற்கு இணையாக ஒரு பெண்மகளை உருவாக்கும் கடன்களைப் பங்கிட்டுக் கூறும் பாடல் புறநானூற்றில் இல்லை. அது வீட்டுக்குள் நடக்கும் வேலை. அதற்குப் பட்டியல் தேவைப்படவில்லை.

அம்மகனுக்குத் தரப்பட்ட காலமும் குறுகியது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய இடைக்குன்றூர்கிழார் (புறநானூறு 77), கிண்கிணியைக் களைந்த காலில் கழல் அணிந்து, ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றாமல், பால் விட்டுச் சோறுண்ட அன்றே போர்க்களத்தில் நிற்கும் இளையோனை வியக்கிறார். உயர்வு நவிற்சியாகவே கொண்டாலும், காப்பணி கழுத்திலிருக்கக் கையில் வில்லேந்துவது புகழுக்குரியதாகக் கருதப்பட்டது தெளிவு. ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் (புறநானூறு 279), முன்னரே போர்களில் தன் ஆடவரை இழந்தவள். செருப்பறை கேட்டதும் ஒரே மகனின் பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளுடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துப் போர்முகம் நோக்கிச் செல்லென விடுக்கிறாள். சிறுபறையைத் தட்டிய கைக்குச் செருப்பறை விடுக்கும் அழைப்பு இது. ஆண்மையின் உச்ச வடிவத்தைப் பேசும் 279, 312 ஆகிய இரண்டு பாடல்களையும் பாடியவர்கள் பெண்பாற் புலவர்கள் என்பதும் நினைவுகூரத்தக்கது. வளர்ப்பை நடத்துவோரும் அதனால் வளர்க்கப்பட்டவர்களே.

தாயின் கைக்கோல்

பெண்ணின் வளர்ப்பைப் பற்றிய கூர்மையான வினாவை நற்றிணை 110 எழுப்புகிறது. போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறுகோலை ஓச்சி, நரைகூந்தற் செவிலியர் உண்ணென்று வேண்ட, உண்ணாமல் முத்துப்பரல் சிலம்பு ஒலிக்கப் பந்தரில் ஓடி அவர்களைக் களைப்படையச் செய்த சிறுமி ஒருத்தி. அவள் மணமாகிச் சென்ற வீடு வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் அவள் எங்கே கற்றாள் என்று செவிலி வியந்து கேட்பதோடு பாடல் விரிகிறது.

இக்கேள்வி பாராட்டாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. சொல்லியபடி நின்றால் அது உண்மையான கேள்வியும் ஆகும். ஓடியவள் நிற்கக் கற்றது எப்போது? பசியை மறைக்கப் பழகியது யாரிடம்? விடை கேள்வி கேட்பவளின் கையிலேயே இருக்கிறது. கோலின் நுனியில் பூச்சுற்றியிருந்தது; ஆயினும் அது கோல். அதைவிடவும் ஆற்றல் மிக்க கருவி ஆட்டம். மணலில் பொய்ச்சோறு சமைத்து, பாவைக்கு ஊட்டி, தான் உண்டதாகப் பாவித்தவள், பின்னாளில் உண்ணாமல் உண்டதாகக் காட்டுவதை ஏற்கெனவே பயின்றிருந்தாள். செவிலிக்கு அது தெரியவில்லை என்பதில்தான் வளர்ப்பின் இயங்குமுறை வெளிப்படுகிறது. கற்பித்ததாக ஒருவரும் உணராத பாடம் இயல்பு எனப் பெயர் பெறுகிறது.

நற்றிணை 172இல் இக்கற்பித்தல் மேலும் மென்மையானது. தோழியரோடு விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்துபோன புன்னைக்காய் முளைக்கிறது. நெய்யும் பாலும் வார்த்து வளர்த்த அம்மரத்தை, உன்னினும் சிறந்த உன் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். அந்நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்கிறது பாடல். மரமொன்று காவலாகிவிட்டது. தாய் அருகில் இல்லாதபோதும் தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாயின் அன்பே கண்காணிப்பாக மாறும் இந்நுட்பத்தை எந்தச் சமூகவியல் கோட்பாடும் இத்துணைச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

மகனென வளர்ந்த மகள்

வளர்ப்பை மாற்றினால் என்ன நிகழும் என்பதைத் தமிழ் மரபு ஒருமுறை கற்பனை செய்து பார்த்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மகனை வேண்டி வேள்வி செய்த மலயத்துவச பாண்டியனுக்கு மூன்று தனங்களோடு ஒரு பெண்மகவு கிடைக்கிறது. அரசன் மனம் தளர்கிறான். மகனுக்குரிய சடங்குகளையே இவளுக்குச் செய்து, தடாதகை என்று பெயரிட்டு, முடிசூட்டுக என்று வானொலி ஆணையிடுகிறது. அவ்வாறே வளர்க்கப்பட்டவள் படைக்கலம் பயின்று, நாடாண்டு, திக்குவிசயம் செய்து, கயிலை வரை பொருதுகொண்டு செல்கிறாள். பெண்ணுடலில் பெருமையும் உரனும் விளைந்தன. மாறியது வளர்ப்பு ஒன்றே. கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் தனம் மறைகிறது. அவள் நாணி நிலம் நோக்குகிறாள். வளர்ப்பால் ஆக்கியதை உடற்குறி ஒன்றன் மறைவால் கதை திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வளர்ப்பின் வெற்றியை எல்லை வரை கொண்டுசென்று, அங்கே அஞ்சித் திரும்பிய கதை என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இத்தடாதகையையே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் தலைவியாக்கினார். அவளுடைய போர்வெற்றியும் ஆட்சியும் அந்நூலில் பேசப்படுகின்றன. ஆயினும் இறுதி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் என்றே அமைந்தன. புள்ளிருக்குவேளூர் முருகன்மீது அதே புலவர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என முடிகிறது. உண்மையில் தேரூர்ந்து திசைகளை வென்றதாகக் கதை கூறும் ஒரே பிள்ளைக்குச் சிறுதேர் கிட்டவில்லை. மகனாகவே வளர்க்க வேண்டும் என்ற வானொலியின் ஆணையைக் காட்டிலும் வகைமையின் மரபு வலியதாக இருந்தது.

முற்றமும் தெருவும்

பிள்ளைத்தமிழின் ஆட்டங்கள் நாட்டார் வழக்கில் உருமாறி நீடித்தன. கழங்கு, சொட்டாங்கல், தட்டாங்கல் முதலிய பெயர்களோடு திண்ணைக்கும் முற்றத்துக்கும் உரியதாயிற்று. அமர்ந்த இடத்திலிருந்து கை மட்டும் இயங்கும் ஆட்டம் அது. பல்லாங்குழி, பூப்பெய்திய பெண் தனித்திருக்கும் நாள்களின் துணையுமாயிற்று. கிட்டிப்புள்ளில் புள் விழுந்த தொலைவைக் கோலால் அளந்து வெற்றியைக் கணக்கிடுவர். எவ்வளவு தூரம் சென்றது என்பதே கேள்வி. பம்பரத்தில் தோற்றவனின் பம்பரத்தை ஆணியால் குத்தி வடுப்படுத்துவது ஆட்டவிதி. சிதைக்கும் உரிமை இங்கு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், சிதைபடுவது இன்னொரு சிறுவனின் பொருள் என்பதால் ஒருவகைச் சமன் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் பாரதியின் பாப்பாப் பாட்டு பெண்குழந்தையை விளித்து, முதற்கண் ஓடியாடச் சொல்லித் தொடங்குகிறது. பிற அறிவுரைகள் அதன்பின் வருகின்றன. ஓடுவது முதற்கடமையாகப் பெண்குழந்தைக்குச் சொல்லப்பட்டதன் புதுமை, நற்றிணையின் பந்தரில் ஓடிய சிறுமியை நினைப்பவர்க்கு விளங்கும். பாரதிதாசன் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டுப் பாடினார். மூடத்தனத்தையும் சாதியையும் நீக்கும் பணியைப் பெண்குழந்தையின் தொட்டிலிலேயே வைத்தார். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைமேல் எதிர்காலக் கடமையை ஏற்றும் முறையில் அவரும் மரபின் வழிநின்றவரே. கடமைகள் மாறின, குழந்தை அவற்றைச் சுமக்கும் வயது மாறவில்லை.

பெண்குழந்தையின் விளையாட்டுக்காக வழக்காடும் குரல் இருபதாம் நூற்றாண்டில் பிறந்ததன்று. பிரான் சாத்தனார் பாடிய நற்றிணை 68இல் தலைவி வீட்டுக்குள் இற்செறிக்கப்பட்டிருக்கிறாள். தோழி பேசுகிறாள். ஆயத்தோடு ஓரையாடாமல் இளையோரை வீட்டில் அடைத்துவைப்பது அறமாகாது. அதனால் இல்லத்தின் செல்வமும் தேயும். தலைவனின் காதுக்கு எட்டுமாறு, வரைவை விரைவுபடுத்தும் குறிப்போடு சொல்லப்பட்ட கூற்று இது என்பது துறைவிளக்கம். அவ்வாறே ஆயினும், கேட்பவர் நம்பத்தக்க வாதத்தையே தோழி தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அறம் என்பதோடு அவள் நிறுத்தவில்லை. வீட்டுக்கு இழப்பு என்று கணக்கும் காட்டுகிறாள். மகளை அடைக்கும் தாய்க்கு எது உறைக்கும் என்பதை அறிந்தவள் அவள்.

அவள் கேட்பது நீராடல். நுரை சுமந்து மலர் தள்ளிப் பொங்கிவரும் புதுநீரில் நெஞ்சு நிறைய ஆட வேண்டும். பிள்ளைத்தமிழ் பதினேழு திங்கள் கடந்த குழந்தைக்கு வழங்கும் ஆட்டத்தை, வளர்ந்த பெண்ணுக்காக அவள் மன்றாடிப் பெற வேண்டியிருக்கிறது. தாயை வணங்கி இதை எடுத்துச் சொல்ல வல்லவர் ஒருவர் கிடைத்தால் அவள் போகவிடுவாளோ என்று கேட்கிறாள். பாடலில் அதற்கு விடை இல்லை. நள்ளிரவில் இடி முழங்கி, கொடிபோல் மின்னி, அவர் குன்றின்மேல் மழை இறங்கிவிட்டது.